தோப்பு வீட்டுக் குழு: ஸ்லாஷர் ஷாஃப்ட்

திங்கள்கிழமை

மாலை 5:12
நான்: பெரியப்பா, கீழ்த்தோப்பில் புல் வெட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். நாலு வரிசை முடிந்ததும் பின்னால் டக் டக் என்று சத்தம். இறங்கிப் பார்த்தால், டிராக்டருக்கும் புல் வெட்டுகிற ஸ்லாஷருக்கும் நடுவில் எஞ்சினின் சுற்றைக் கொண்டுபோகிற பி.டி.ஓ. ஷாஃப்ட்டில் பின்பக்கத்துக் கிராஸ் (கூட்டல் குறி மாதிரி இருக்கிற மூட்டு) கையால் ஆட்டினாலே ஆடுகிறது.

மாலை 5:15
பெரியப்பா: எஞ்சினை நிறுத்திவிட்டுத்தானே கையை வைத்தாய்?

மாலை 5:15
நான்: ஆமாங்க பெரியப்பா. சாவி சட்டைப் பையில் இருக்கிறது.

மாலை 5:21
அத்தை: வியாழக்கிழமை தேங்காய் போட ஆள் வருகிறார்கள் கண்ணு. புல் முழங்கால் உயரம் நிற்கிறது. அதில் விழுகிற காயை எங்கே தேடுவது? பாம்பு வேறு. போன தடவை பொறுக்க வந்த பெண்கள் பயந்து பயந்துதான் கால் வைத்தார்கள்.

மாலை 5:24
தம்பி: அண்ணா, நேற்று நான் ஓட்டும்போதே லேசாக அதிர்ந்தது. கத்தியில் மட்டை சிக்கியிருக்கும் என்று நினைத்து ஓட்டிவிட்டேன்.

மாலை 5:40
கோவை மாமா: மாப்பிள்ளை, இப்போதுதான் லேத்தை நிறுத்தினேன். கிராஸ் மட்டும் போயிருக்கிறதா, நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நீளுமே அந்தக் குழாயும் தேய்ந்துவிட்டதா? கழற்றி, ஒரு பக்கத்தை வைஸில் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை முறுக்கிப் பாருங்க. கிராஸ் மட்டும் என்றால் ஒரு மணி நேர வேலை.

இரவு 7:48
நான்: கழற்றிவிட்டேன். சிரமப்பட்டது அதற்குத்தான். டிராக்டர் பக்கம் லாக் பின்னை அழுத்தி இழுத்ததும் வந்துவிட்டது. ஸ்லாஷர் பக்கம் துருவில் பிடித்துக்கொண்டு அசையவே இல்லை. டீசல் விட்டு ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டியபிறகுதான் நகர்ந்தது. (படம்)

இரவு 7:51
நான்: சர்க்ளிப் வளையத்தை எடுத்துவிட்டு, கிராஸின் கால் முனையில் இருக்கிற கப்பைத் தட்டி வெளியே எடுத்தேன். உள்ளே ஊசி பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் தூள் மாதிரித் துரு கொட்டுகிறது. ஊசிகள் பாதிக்கு மேல் ஒடிந்து துண்டு துண்டாகக் கிடக்கின்றன. கிராஸின் காலை நகத்தால் தடவினால் ஊசி அழுந்திய தடம் வரிவரியாகத் தட்டுப்படுகிறது. கிரீஸ் வாசனைகூட இல்லை. (படம்)

இரவு 7:58
பெரியப்பா: கிரீஸ் அடிக்கிற நிப்பிளைப் பார். மண் அடைத்திருக்கும்.

இரவு 8:03
நான்: அடைத்துத்தான் இருக்கிறது பெரியப்பா. கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் கிரீஸ் உள்ளே போகாமல் பக்கவாட்டில் பிதுங்குகிறது. இத்தனை நாளும் வெளியே வழிந்ததைத் துடைத்துவிட்டு, வைத்தாயிற்று என்று போயிருக்கிறோம்.

இரவு 8:10
கோவை மாமா: அது ஒரு காரணம். ஆனால் அதிர்வு வேறு இருந்தது என்கிறீர்களே. பிரிப்பதற்கு முன் எடுத்த முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழாயோடு சேர்ந்து, கவை மாதிரிக் கிராஸைப் பிடிக்கிற யோக் இரண்டும் ஒரே திசையில் இல்லை மாப்பிள்ளை. ஒன்று படுத்திருக்கிறது, ஒன்று நிமிர்ந்திருக்கிறது. கோக்கும்போதே கால் சுற்றுத் தள்ளிக் கோத்திருக்கிறார்கள்.

இரவு 8:12
அக்கா: அதனால் என்ன மாமா ஆகும்? சுற்றுகிற சாமான்தானே?

இரவு 8:19
கோவை மாமா: கேள் கண்ணு. நேராக இருக்கிற ஷாஃப்ட் சீராகச் சுற்றும். கிராஸில் கொஞ்சம் வளைந்துவிட்டால், அடுத்த பக்கம் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். டிராக்டர் நிமிடத்துக்கு 540 சுற்று சீராகவே கொடுத்தாலும் நடுக்குழாய் தள்ளித் தள்ளித்தான் ஓடும். இரண்டு யோக்கும் ஒரே வரிசையில் நின்றால், பின்பக்கத்துக் கிராஸ் அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்துவிடும். கத்திக்குப் போவது மறுபடி சீராகிவிடும். கால் சுற்றுத் தள்ளிப்போனால் சமன் செய்வதற்குப் பதிலாக இன்னும் கூட்டிவிடும். அந்த அடி முழுக்க கிராஸிலும் கியர் பாக்ஸிலும்தான் விழும்.

இரவு 8:23
தம்பி: சித்திரையில் கழுவுவதற்காக நான்தான் உருவினேன். சதுரக் குழாய் என்பதால் எப்படி வைத்தாலும் உள்ளே போனது. இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது அண்ணா.

இரவு 8:26
நான்: எனக்கும் தெரியாதுடா. கடையில் வாங்கியபோது யாரும் சொல்லவில்லை, குழாயில் ஒரு கோடும் இல்லை. இனிமேல் இரண்டு பாதியிலும் பெயின்டில் கோடு போட்டு வைப்போம். கோடும் கோடும் சேர்ந்தால்தான் கோக்க வேண்டும்.

இரவு 8:34
நான்: மாமா, முறுக்கியும் பார்த்தேன். சதுரத்தின் மூலைகள் உருண்டுவிட்டன, விரல் அகலத்துக்கு ஆட்டம் இருக்கிறது. கிராஸ் மாற்றினால் மட்டும் போதாதே?

இரவு 8:36
கோவை மாமா: போதாது. முழு ஷாஃப்ட்டாகவே வாங்கிவிடுங்க. பழசைக் கையோடு கொண்டுபோங்க. டிராக்டர் பக்கம் ஆறு பல், 35 மி.மீ. தான் இருக்கும். ஸ்லாஷர் பக்கமும் அதேதானா என்று பல்லை எண்ணிப் பார்த்து வாங்குங்க. ஷாஃப்ட்டை மூடுகிற உறை இல்லாமல் கொடுத்தால் வேண்டாம் என்று வந்துவிடுங்க.

செவ்வாய்க்கிழமை

பகல் 12:30
நான்: பொள்ளாச்சியில் வாங்கிவிட்டேன். இதில் குழாய் எலுமிச்சை வடிவம், இரண்டு பக்கமும் காது மாதிரிப் புடைத்திருக்கிறது. கால் சுற்றுத் தள்ளிக் கோத்தால் உள்ளேயே போகாது. அதற்காகவே இதை எடுத்தேன். ஆனால் பழசைவிடக் கொஞ்சம் நீளம்.

பகல் 12:41
பெரியப்பா: நீளமாக இருந்தால் அப்படியே மாட்டிவிடாதே. ஸ்லாஷரைத் தூக்கி இறக்கும்போது ஷாஃப்ட் ஓரிடத்தில் மிகவும் சுருங்கும். அங்கே குழாயின் முனை போய் முட்டினால் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கையே உடைத்துவிடும். அந்தச் செலவு ஷாஃப்ட்டைப் போலப் பல மடங்கு.

பகல் 12:47
கோவை மாமா: பெரியவர் சொல்வதுதான் சரி. ஸ்லாஷரை மெதுவாகத் தூக்கி, இரண்டு பக்கத்து முனைகளும் நேருக்கு நேர் வருகிற இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிடுங்க. அடியில் கட்டை வைத்துவிட்டு வேலை பாருங்க. ஷாஃப்ட்டின் இரண்டு பாதியையும் தனித்தனியாக மாட்டி, பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் குறி போடுங்க. முழுக்கச் சுருங்கிய நிலையிலும் ஓர் அங்குலமாவது விளையாட இடம் வேண்டும். வெளிக்குழாயில் எவ்வளவு வெட்டுகிறீர்களோ, உள்குழாயிலும் உறையிலும் அதே அளவு வெட்ட வேண்டும். அதற்காக அதிகமாகவும் வெட்டிவிடாதீங்க. நீண்ட நிலையில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும்.

மாலை 4:55
நான்: வெட்டியாயிற்று. 6 செ.மீ. ஹாக்ஸா பிளேடில்தான் அறுத்தோம், தம்பி பிடித்துக்கொண்டான். அறுத்த விளிம்பில் பிசிறு கத்தி மாதிரி நின்றது. உள்ளும் வெளியும் அரம் போட்டு, துணியால் துடைத்து, உள்குழாய் முழுக்கக் கிரீஸ் தடவிக் கோத்தேன். ஒரு விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகிறது. (படம்)

மாலை 5:02
நான்: இன்னொன்று. பழைய ஷாஃப்ட்டில் ஷியர் போல்ட் இருந்த இடத்தில் நல்ல கெட்டியான போல்ட்டை யாரோ போட்டிருக்கிறார்கள். 8.8 என்று தலையில் எழுதியிருக்கிறது.

மாலை 5:09
பெரியப்பா: அது நான் போட்டது. ஆடியில் குத்துக்கட்டையில் அடித்து ஷியர் போல்ட் ஒடிந்தது. கையில் வேறு இல்லை, இதைப் போட்டேன். அப்புறம் மாற்ற மறந்துவிட்டேன். கத்தி எதிலாவது மோதினால் அந்தப் போல்ட் ஒடிந்து மற்றதைக் காப்பாற்ற வேண்டும். அது ஒடியாமல் நின்றதால் மோதின அடியெல்லாம் கிராஸுக்குப் போயிருக்கிறது. கடையில் அதே அளவு ஷியர் போல்ட் பத்து வாங்கி டூல் பாக்ஸில் போட்டு வை.

மாலை 5:11
நான்: வாங்கி வந்துவிட்டேன் பெரியப்பா.

மாலை 5:20
அத்தை: அந்த உறை வந்ததா?

மாலை 5:22
நான்: வந்தது அத்தை. மஞ்சள் பிளாஸ்டிக். இரண்டு முனையிலும் சின்னச் சங்கிலி இருக்கிறது. அதை டிராக்டரிலும் ஸ்லாஷரிலும் மாட்டிவிட்டால் உள்ளே ஷாஃப்ட் சுற்றினாலும் உறை சுற்றாது.

மாலை 5:31
அத்தை: பழையதில் உறை இல்லாமலே மூன்று வருஷம் ஓட்டினீர்கள். நான் சொல்லாத நாள் இல்லை. எங்கள் ஊரில் ஒருவர் ரொட்டவேட்டர் ஓடும்போது தோளில் துண்டோடு குனிந்தார். துண்டு சுற்றியதுதான் தெரியும். வலது கை முழங்கையோடு போயிற்று. அவர் மனைவிதான் இன்றைக்கும் சோறு பிசைந்து கொடுக்கிறாள். சாப்பாடு கொண்டுவரும்போது என் முந்தானை அதன் பக்கம் பறந்தால்கூட எனக்கு உயிரே போகும்.

மாலை 5:34
கோவை மாமா: நிமிடத்துக்கு 540 என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. துணி மாட்டியதை மூளை உணர்வதற்குள் சில சுற்று முடிந்திருக்கும். கையை இழுக்க நேரமே கிடையாது.

மாலை 5:36
நான்: மன்னியுங்க அத்தை. உறை இல்லாமல் இனி அந்த வண்டி தோப்புக்குள் போகாது. வேலைக்கு வருகிறவர்களிடமும் சொல்லிவிட்டேன்: சுற்றும்போது யாரும் தாண்டக் கூடாது, துண்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

புதன்கிழமை

காலை 7:05
நான்: மாட்டிவிட்டோம். டிராக்டர் பக்கம் லாக் பின் டக்கென்று விழுந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. கிராஸ் இரண்டிலும் நிப்பிளைத் துடைத்துவிட்டு, கப் ஓரத்தில் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடித்தேன்.

காலை 7:12
பெரியப்பா: எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை அடிக்க வேண்டும். முதலில் குறைந்த வேகத்தில் ஓட்டிச் சத்தத்தைக் கேள்.

காலை 7:15
கோவை மாமா: தம்பிக்கும் சொல்லுங்க. வரிசை முடிவில் ஸ்லாஷரைத் தூக்கித் திருப்பும்போது பி.டி.ஓ. ஓடவே கூடாது. அந்த வளைவில் சுற்றினால் புதுக் கிராஸும் சீக்கிரம் போய்விடும்.

காலை 7:16
தம்பி: சரிங்க மாமா. நிறுத்திவிட்டே தூக்குகிறேன்.

காலை 9:40
நான்: ஐந்து வரிசை முடிந்தது. அதிர்வே இல்லை. இருக்கைக்கு அடியில் எப்போதும் ஒரு கிறுகிறுப்பு இருக்குமே, அது வண்டியின் குணம் என்று நினைத்திருந்தேன். அதுவும் போய்விட்டது. இப்போது கத்தி புல்லை அறுக்கிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கிராஸைத் தொட்டுப் பார்த்தேன், லேசான சூடுதான்.

மாலை 4:20
நான்: கீழ்த்தோப்பு முடிந்தது. வெட்டிய புல்லை மரத்தடியில் மூடாக்காகவே விட்டிருக்கிறேன், ஈரம் நிற்கும். கிணற்றுமேட்டு ஓரம் மட்டும் கல் இருப்பதால் கைக்கத்தியில் வெட்டிக்கொள்ளலாம். (படம்)

மாலை 4:26
அத்தை: படத்தில் மஞ்சள் உறை தெரிகிறது. சங்கிலி இரண்டும் மாட்டியிருக்கிறதா?

மாலை 4:27
நான்: இரண்டும் மாட்டியிருக்கிறது அத்தை.

மாலை 4:29
அத்தை: சரி கண்ணு. காய் போட நாளைக்கு ஆறு மணிக்கே வரச் சொல்லிவிடுகிறேன்.