பாக்நெட் எம்எஸ்டிபி லைன்: 18 கன்ட்ரோலரில் 11 மட்டும்தான் தெரிகிறது, உதவுங்கள்

ஏழாம்மாடி:
அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஏசி கன்ட்ரோல் வேலை. எல்லாம் பாக்நெட் எம்எஸ்டிபி, அதாவது ஒரே ஒயரில் கன்ட்ரோலர்கள் மாறிமாறிப் பேசும் முறை. பழைய விஏவி (அறைக்குப் போகும் காற்றின் அளவைக் கூட்டிக் குறைப்பது) கன்ட்ரோலர் 11 இருக்கின்றன, முகவரி 1 முதல் 11 வரை, தொந்தரவில்லாமல் ஓடுகின்றன. மாடியின் மறுபாதிக்கு ஆள் வருவதால் போன வாரம் அதே லைனை நீட்டி 12 முதல் 18 வரை புதிதாக 7 சேர்த்தோம். இந்த லைனை ஐபி நெட்வொர்க்கோடு இணைக்கும் ரௌட்டரின் முகவரி 0. பாட் ரேட் (லைனின் வேகம்) எல்லாவற்றிலும் 38400. லைன் முனையில் இருந்த 120 ஓம் ரெசிஸ்டரைக் கழற்றி 18-ல் போட்டாயிற்று. லேப்டாப்பில் யாபே சாஃப்ட்வேரிலிருந்து ஹூ-இஸ் ("யார் யார் இருக்கிறீர்கள்?" என்ற அழைப்பு) அனுப்பினால் பழைய 11-ம் டக்கென்று வருகின்றன, புதியதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் புதியது ஒன்றை ரௌட்டரில் தனியாக மாட்டினால் உடனே தெரிகிறது! லைனில் சேர்த்தால் மறைந்துவிடுகிறது. புதன்கிழமை ஹேண்டோவர், தலை சுற்றுகிறது.

சில்லர்வாசி:
லேப்டாப் ஃபயர்வாலில் பாக்நெட்டுக்கான போர்ட் யுடிபி 47808 திறந்திருக்கிறதா? வைஃபையை அணைத்துவிட்டுப் பாருங்கள், சில நேரம் ஹூ-இஸ் வேறு கார்டு வழியாகப் போய்விடும். வேறு சப்நெட் என்றால் அழைப்பை அங்கே கடத்திவிட பிபிஎம்டி வேண்டும்.

ஏழாம்மாடி:
அதே ரௌட்டருக்குப் பின்னால் 11 தெரிகிறதே அண்ணே, அப்புறம் ஐபி பக்கம் எப்படித் தப்பாகும்?

பழைய485:
தம்பி, 11-ம் நம்பர் கன்ட்ரோலரில் மேக்ஸ் மாஸ்டர் (அது எந்த முகவரி வரை அடுத்தவரைத் தேடும் என்ற எண்) எவ்வளவு என்று பாருங்கள். கன்ட்ரோலரின் சொந்த விவரங்கள் உள்ள டிவைஸ் ஆப்ஜெக்டிலேயே இருக்கும். முன்னால் வேலை பார்த்தவர் வேகத்துக்காக 11 என்று வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். இந்த லைனில் டோக்கன் (பேசும் முறையைக் கைமாற்றும் செய்தி) கையில் இருப்பவர்தான் பேச முடியும், அடுத்தவர் யார் என்று தேடுவது அவரவர் பொறுப்பு. ரௌட்டர் 1-ஐக் கண்டுபிடித்தால் போதும், அதற்குமேல் தேடாது. 12-ஐத் தேட வேண்டியது 11 மட்டுமே. அது "எனக்கு மேல் யாருமில்லை" என்று டோக்கனை 0-க்குத் திருப்பிக்கொண்டே இருந்தால், புதியவை கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். தனியாக மாட்டினால் தெரிவதும் அதனால்தான்.

ஏழாம்மாடி:
அடடா, மேக்ஸ் மாஸ்டர் 11 என்றுதான் இருந்தது! அதை 127 ஆக்கி ரீஸ்டார்ட் செய்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆனால் மொத்தம் 17. 14 இருக்கும்போது 15 இல்லை, மறுபடி ஹூ-இஸ் அடித்தால் 15 வந்து 14 போய்விடுகிறது.

சில்லர்வாசி:
கான்ஃபிக் ஃபைலைக் காப்பி அடித்தீர்களா? இரண்டிலும் டிவைஸ் இன்ஸ்டன்ஸ் (கன்ட்ரோலரின் அடையாள எண்) ஒன்றாக இருக்கும். முகவரி வேறாக இருந்தாலும் அந்த எண் முழு நெட்வொர்க்கிலும் தனியாக இருக்க வேண்டும், இந்த மாடியில் மட்டுமல்ல. 0 முதல் 4194302 வரை இடம் கிடக்கிறது, எதற்குக் கஞ்சத்தனம்?

ஏழாம்மாடி:
ஆமாம், இரண்டும் 7014. 15-ஐத் தனியாகக் கழற்றி மாட்டி 7015 என்று எழுதினேன். இப்போது 18.

பழைய485:
1 முதல் 10 வரை உள்ளவற்றிலும் மேக்ஸ் மாஸ்டரை 127 வைத்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் என்றைக்காவது 11-க்குக் கரண்ட் போனால் 10 கடைசி ஆளாகிவிடும், அதன் மேக்ஸ் மாஸ்டரும் 11-தானே, 12 முதல் 18 வரை எல்லாம் சேர்ந்து காணாமல் போகும்.

ஏழாம்மாடி:
எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன், பத்திலும் 11. மாற்றிக்கொண்டிருக்கிறேன், இன்னும் நான்கு பாக்கி.