விஆர் கைப்பயிற்சியின்போது இஇஜி: சி3-இல் தெரிவது மூளையா, ஹெட்செட் பட்டையா?

எட்டும்_கை (கேள்வி)

பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கை பலவீனமானவர்களுக்கான பயிற்சி இது. விஆர் (மெய்நிகர் உலகம்) மேசைமேல் ஒரு கோப்பை தோன்றும், அதை எட்டித் தொட்டுவிட்டுக் கையை மடிக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது மூளையின் இயக்கப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இஇஜி-யில் (தலைத்தோலில் எலக்ட்ரோடு வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவது) அளக்கப் பார்க்கிறோம்.

அமைப்பு: 32 எலக்ட்ரோடு ஜெல் தொப்பி, வயர்லெஸ் ஆம்ப்ளிஃபையர், வினாடிக்கு 500 சாம்பிள். தொப்பிக்கு மேல் 90 ஹெர்ட்ஸ் ஹெட்செட். விஆர் செயலியை உருவாக்கிய மென்பொருளான யூனிட்டியிலிருந்து லேப் ஸ்ட்ரீமிங் லேயர் (பல கருவிகளின் பதிவை ஒரே நேரக்கணக்கில் இணைக்கும் மென்பொருள்) வழியாக மார்க்கர் (எது எப்போது நடந்தது என்ற நேரக்குறி) வருகிறது. ஒருவருக்கு 60 முறை எட்டல், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 3 வினாடி ஓய்வு. கோப்பை தோன்றுவதற்கு முந்தைய 2 வினாடிதான் பேஸ்லைன் (ஒப்பிடுவதற்கான ஓய்வு அளவு).

சிக்கல்கள் நான்கு:

1. சி3, சி4 (இடது, வலது இயக்கப் பகுதிமேல் இருக்கும் எலக்ட்ரோடுகள்) இரண்டிலும் மியூ (8–13 ஹெர்ட்ஸ், கை அசையும்போது குறையும் அலை) நன்றாகக் குறைகிறது. ஆனால் பின்மண்டையில் பார்வைப் பகுதிமேல் இருக்கும் ஓ1, ஓ2-விலும் அதே அளவு குறைகிறது.
2. கை நீட்டும்போதெல்லாம் சி3-இல் படிக்கட்டுபோல ஒரு குதிப்பு. ஐசிஏ (கலந்த சிக்னலைத் தனித்தனி மூலங்களாகப் பிரிக்கும் கணக்கு) ஓட்டினாலும் போகவில்லை.
3. பீட்டா (13–30 ஹெர்ட்ஸ் அலை) முழுக்க இரைச்சல். காதுகளுக்கு மேலே இருக்கும் டி7, டி8-இல் இன்னும் மோசம்.
4. ஒருவருக்கு மட்டும் பாதிக்கப்பட்ட பக்கத்தில் மியூ அலை மறுபக்கத்தைவிட மிக உயரமாக வருகிறது. குணமடைகிறார் என்று இதை எடுத்துக்கொள்ளலாமா?

---

பத்து_இருபது

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது ஐசிஏ-வுக்குப் போவதற்கு முன்பே தீர்க்க வேண்டியது.

ஹெட்செட்டின் மேல்பட்டை நடுக்கோட்டில் போகும்: எஃப்ஸெட், சிஸெட், பிஸெட். பக்கப்பட்டைகள் டி7, டி8-ஐ ஒட்டிப் போகும். பின்பகுதி ஓ1, ஓ2-வை அழுத்தும். சி3 எதன் அடியிலும் நேராக இல்லை, ஆனால் பட்டை தொப்பித் துணியை இழுத்துப் பிடித்திருக்கும். நோயாளி கையை நீட்ட முடியாமல் முதுகை முன்னால் சாய்க்கிறார். தலை குனிகிறது, முன்பக்கம் கனமான ஹெட்செட் கீழே தொங்குகிறது, துணி முன்னோக்கி இழுபடுகிறது. சி3 ஒரு மில்லிமீட்டர் தூக்கினாலே போதும், ஜெல்லுக்கும் தோலுக்கும் உள்ள தொடர்பு மாறி நீங்கள் சொல்லும் படிக்கட்டு வந்துவிடும். ஒவ்வொரு எட்டலிலும் அதே நேரத்தில் வருவதால் 60-ஐயும் சராசரி எடுத்தால் அழியாது, அழகாகக் கூடித்தான் வரும். மூளை அலை என்று நம்பவைக்கும் அளவுக்கு அழகாக.

சோதனை சுலபம். உடல்நலமுள்ள ஒருவருக்கு முழு அமைப்பையும் மாட்டி, கையை மடியில் வைத்தபடி முதுகை மட்டும் 20 முறை முன்னால் சாய்க்கச் சொல்லுங்கள். சி3-இல் அதே குதிப்பு வந்தால் மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

செய்ய வேண்டியவை: தொப்பியை முதலில் மாட்டி, மூக்கின் மேல்குழியிலிருந்து பின்மண்டை முடிச்சுவரை நாடாவால் அளந்து சரிபாதியில் சிஸெட் நிற்கிறதா பாருங்கள். ஹெட்செட் மாட்டிய பிறகு மறுபடி அளங்கள், ஏனென்றால் முகப்பஞ்சு தொப்பியைப் பின்னால் தள்ளும். பட்டை போகும் இடத்தில் எலக்ட்ரோடைச் சுற்றி வளையமாக வெட்டிய பஞ்சு வையுங்கள். பாரம் பஞ்சில் இறங்கும், எலக்ட்ரோடில் இறங்காது. இம்பீடன்ஸை (எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் இடையிலான மின்தடை) ஹெட்செட் போட்ட பிறகும், 10 நிமிடம் கழித்தும் பாருங்கள். சாதாரண எலக்ட்ரோடு என்றால் 10 கிலோஓமுக்குக் கீழே. மாட்டுவதற்கு முன் எடுத்த அளவை அறிக்கையில் எழுதுவதில் அர்த்தமில்லை.

முதுகு சாய்வதை நாற்காலியோடு மார்புப்பட்டை கட்டிக் குறைக்கலாம். பயிற்சிக்கும் அது நல்லதுதான், தோளும் முழங்கையும் செய்ய வேண்டிய வேலையை முதுகு செய்துகொடுக்காது.

பீட்டா இரைச்சல் பெரும்பாலும் தசை. தசை மின்னலை 20 ஹெர்ட்ஸிலிருந்தே தொடங்கிவிடும், பீட்டாவின் மேல்பாதியில் அப்படியே உட்காரும். பல்லைக் கடிப்பது டி7, டி8-இல் வரும். பலவீனமான கையைத் தூக்கத் தோளை உயர்த்துபவர்களுக்குக் கழுத்துத் தசை பின்பக்க எலக்ட்ரோடுகளில் வரும். 13–20-ஐத் தனியாகப் பாருங்கள், ஓரளவு தேறும். டி7, டி8 மோசமென்றால் பொதுச்சராசரி ரெஃபரன்ஸ் (எல்லா எலக்ட்ரோடுகளின் சராசரியை ஒவ்வொன்றிலிருந்தும் கழிப்பது) எடுப்பதற்கு முன் அவற்றை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த இரைச்சலை எல்லா எலக்ட்ரோடுக்கும் நீங்களே பங்குபோட்டுக் கொடுக்கிறீர்கள்.

---

அலைக்கணக்கு

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று என் கண்ணில் பட்டது: 3 வினாடி ஓய்வு.

கை அசைந்து நின்ற பிறகு சுமார் அரை வினாடியிலிருந்து பீட்டா பேஸ்லைனைத் தாண்டி மேலே எழும். இந்த மீளெழுச்சி ஒரு வினாடிக்கு மேலும் நீளலாம். உங்கள் நோயாளி கையை மடிக்குக் கொண்டுவரவே நேரம் எடுப்பார். ஆக, அடுத்த கோப்பைக்கு முந்தைய 2 வினாடி என்று நீங்கள் வைத்திருக்கும் பேஸ்லைன், போன முறையின் மீளெழுச்சிமேல் உட்கார்ந்திருக்கிறது.

கணக்கு: (அசைவின்போது பவர் − பேஸ்லைன் பவர்) ÷ பேஸ்லைன் பவர் × 100. ஓய்வில் உண்மையான பவர் 8, அசைவில் 5 என்றால் −37.5 சதவீதம். மீளெழுச்சியால் பேஸ்லைன் 10 ஆகிவிட்டால் அதே அசைவு −50 சதவீதம் ஆகிவிடும். மூளை எதுவும் கூடுதலாகச் செய்யவில்லை. கை மடியில் நின்றதைக் கண்ட்ரோலர் வேகத்தில் உறுதிசெய்து, அங்கிருந்து 6 முதல் 8 வினாடிவரை மாற்றி மாற்றி ஓய்வு விடுங்கள். ஒரே கால இடைவெளி என்றால் ஆள் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார், அசைவதற்கு முன்பே மியூ இறங்கும்.

முதல் கேள்வி: ஓ1-இல் குறைவது கண் சார்ந்த ஆல்பா. கோப்பை தோன்றியதும் பார்வை அதில் குவிகிறது, ஆல்பா இறங்குகிறது. அதே 8–13 பட்டை, மண்டையோடு வழியாகப் பரவி சி3 வரை வரும். இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, சி3-இலிருந்து அதைச் சுற்றியுள்ள எஃப்சி3, சிபி3, சி1, சி5 நான்கின் சராசரியைக் கழிக்கும் சிறு லாப்லாசியன். உங்கள் 32-இல் இவை இல்லாவிட்டால் இருக்கிற எலக்ட்ரோடுகளைச் சுற்றுவட்டமாக நகர்த்தி வையுங்கள். நெற்றி முழுக்க எலக்ட்ரோடு வைத்து இங்கே ஆகப்போவது ஒன்றுமில்லை, முகப்பஞ்சுக்கு அடியில் அவை எப்படியும் கெடும். இரண்டு, ஒப்பீட்டு நிலைகள்: அதே கோப்பை தோன்றும், கை அசைக்கக் கூடாது. விஆர் கை தானாகப் போய்த் தொடும், இவர் பார்க்க மட்டும் செய்வார். ஹெட்செட் இல்லாமல் உண்மைக் கோப்பையை எட்டுவது. பிறர் கை அசைவதைப் பார்த்தாலே மியூ குறையும், அதனால் இரண்டாவது நிலை இல்லாமல் ‘அசைவின் விளைவு’ என்று எழுத முடியாது.

இன்னொன்று. கோப்பை தோன்றிய கணத்தை வைத்துச் சராசரி எடுக்காதீர்கள். ஒருவர் அரை வினாடியில் தொடங்குவார், இன்னொருவர் இரண்டு வினாடி எடுப்பார். முன்தோள் தசையில் இரண்டு எலக்ட்ரோடு ஒட்டி, ஓய்வுச் சராசரியைவிட 3 மடங்கு திட்டவிலக்கம் மேலே 50 மில்லிவினாடி தொடர்ந்து நின்றால் அதைத் தொடக்கம் என்று எடுங்கள். விறைப்பு உள்ள கையில் ஓய்விலேயே தசை சத்தம் போடும், அவர்களுக்குக் கண்ட்ரோலர் வேகமே மேல்.

---

எட்டும்_கை

மார்க்கர் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஹெட்செட்டில் ஓடும் செயலியிலிருந்து வைஃபை வழியாக வருகிறது. தாமதம் கவலைதானே? இரைச்சலுக்கு ஏஎஸ்ஆர் (அசாதாரணமாகப் பெரிய இரைச்சலைத் தானாகக் கண்டு நீக்கும் முறை) போடலாமா?

---

பத்து_இருபது

வைஃபை தாமதம் அவ்வளவு பெரிய விஷயமில்லை. லேப் ஸ்ட்ரீமிங் லேயர் மார்க்கர் கிளம்பிய இடத்திலேயே நேரம் பொறிக்கும், இரு கடிகாரங்களின் வித்தியாசத்தையும் அளந்து வைக்கும். ஆனால் நீங்கள் மார்க்கர் அனுப்பும் கணத்தில் கோப்பை இன்னும் திரைக்கு வரவில்லை என்பது அதற்குத் தெரியாது. ஆம்ப்ளிஃபையர் தன் உள்ளே எவ்வளவு நேரம் தாங்கி அனுப்புகிறது என்பதும் தெரியாது. இரண்டையும் அளந்துதான் ஆக வேண்டும்.

ஒரு போட்டோடையோடை (ஒளி சென்சார்) ஆம்ப்ளிஃபையரின் துணை உள்ளீட்டில் இணைத்து லென்ஸுக்கு எதிரே கறுப்பு டேப்பால் ஒட்டுங்கள். கோப்பை தோன்றும் அதே ஃபிரேமில், தலையோடு நகரும் வெள்ளைச் சதுரம் ஒன்றைக் காட்டுங்கள். ஓரத்தில் வைத்தால் லென்ஸ் வெட்டிவிடும், நடுவை ஒட்டி வையுங்கள். லென்ஸ்களுக்கு நடுவே முகம் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் இருந்தால் அதை மூடுங்கள், இல்லாவிட்டால் திரை அணைந்துவிடும். பாதிப்பேர் இங்கேதான் அரைமணி நேரம் முழிப்பார்கள். 200 முறை மின்னவிட்டு, மார்க்கருக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் சராசரியைக் கழித்துவிடுங்கள். பார்க்க வேண்டியது சிதறல். 90 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 11.1 மில்லிவினாடி. சிதறல் அதைத் தாண்டினால் செயலி ஃபிரேம் தவறவிடுகிறது. மியூ குறைவுக்கு 20 மில்லிவினாடி பிசகினால் உலகம் முழுகாது. தூண்டல் அலை (கோப்பை தோன்றியதற்கு மூளை உடனே தரும் பதில்) பார்ப்பதாக இருந்தால் முதலுக்கே மோசம்.

ஏஎஸ்ஆர் போடலாம், வரம்பு 20–30 திட்டவிலக்கம். அமைதியான மாதிரிப் பதிவை ஹெட்செட் மாட்டிய நிலையில் எடுங்கள். ஹெட்செட் இல்லாமல் எடுத்தால் திரையின் இரைச்சலையும் அசாதாரணம் என்று நினைத்து மூளையையும் சேர்த்து வெட்டும். ஐசிஏ-வுக்கு 1 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதற்குக் கீழான மெதுவான அலைகளை நீக்கும் வடிகட்டி) போட்ட நகலைப் பயன்படுத்துங்கள்.

---

ஒளிவழி

நான்காவது கேள்வி அப்படியே நிற்கிறதே. அவருக்கு மண்டையோட்டு அறுவைசிகிச்சை நடந்திருக்கிறதா என்று கோப்பைப் பாருங்கள் (மருத்துவக் கோப்பை, விஆர் கோப்பையை அல்ல). எலும்பு நீக்கிய இடத்தில் மின்தடை குறைவு, அதனால் அலை உயரமாகத் தெரியும். பிரீச் ரிதம் என்பது இதுதான், குணமடைவதற்கான அடையாளமில்லை. அவருடைய இடது வலது பவரை நேரடியாக ஒப்பிடாதீர்கள், அந்தந்தப் பக்கத்தின் சதவீத மாற்றத்தை மட்டும் எடுங்கள். நடுவில் எலும்பைத் திரும்ப வைத்துவிட்டால் அதற்கு முன் எடுத்த பதிவையும் பின் எடுத்த பதிவையும் ஒரே வரைபடத்தில் போடக் கூடாது.

தசை இரைச்சல் அடங்கவே இல்லையென்றால் எஃப்-என்ஐஆர்எஸ் (அகச்சிவப்பை ஒட்டிய ஒளியால் மூளையின் ரத்த மாற்றத்தை அளப்பது) யோசிக்கலாம், தசை மின்னலை அதைத் தொடாது. ஒளிமூலத்துக்கும் டிடெக்டருக்கும் 3 செ.மீ., தோல் ரத்தத்தைக் கழிக்க 8 மி.மீ. குறுஞ்சானல்கள். ரத்த ஓட்டம் உச்சத்துக்கு வர 5–6 வினாடி ஆகும் என்பதால் ஒற்றை எட்டல் பயன்படாது, 20 வினாடி தொடர்ந்து எட்டவைத்து 20 முதல் 30 வினாடிவரை மாறும் ஓய்வு கொடுங்கள். குனிந்தால் தலை ரத்தமும் மாறும், அதனால் மார்புப்பட்டை இங்கேயும் வேண்டும். விஆர் டிராக்கிங்கின் அகச்சிவப்பு விளக்குகள் டிடெக்டருக்குள் புகும். மேலே கறுப்புத் துணித்தொப்பி போட்டு, கண்ட்ரோலரைத் தலைக்கு அருகே ஆட்டிப் பாருங்கள். சிக்னல் அசையாவிட்டால்தான் நோயாளியை உட்காரவைக்க வேண்டும்.