புகையானின் ஊசி உடையுமாமே!

மடைத்திறப்பான்:
வாட்சப்பில் ஒன்று சுற்றுகிறது: "உமிச்சாம்பல் போட்டால் நெல் சிலிக்கா கவசம் கட்டும், புகையானின் ஊசி உடைந்துவிடும், மருந்தே வேண்டாம்." புகையான் நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சி, ஊசி அதன் வாய். அந்த ஊசி உடையுமாம்! எழுதின மகராசன் யாரோ?

உமிச்சாமி:
நான்தான். நெல்லின் காய்ந்த எடையில் 10% வரைகூட சிலிக்கா ஏறும், மணலில் இருக்கிற அதே சிலிக்கா. இலையைத் தடவினால் கை கிழிகிறதே, அது என்ன வெண்ணெயா?

மடைத்திறப்பான்:
கை கிழிவது இலை விளிம்பில். புகையான் உட்காருவது தூரடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. இலையுறைக்குள் ஊசியைச் செருகி, எச்சிலாலேயே உறை கட்டிக்கொண்டு சாற்றுக் குழாயைத் தேடும். கடித்துத் தின்னும் புழுவுக்குப் பல் தேயும், சரி. இதற்கு ஊசி எங்கே உடைகிறது?

உமிச்சாமி:
சிலிக்கா ஏறிய பயிரில் புகையான் குறைவாகத்தான் உறிஞ்சும். இதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

மடைத்திறப்பான்:
குறைவாக உறிஞ்சும். உடையாது. ஊசி குத்தின குழாயைச் செடி காலோஸ் என்ற தன் அடைப்புப் பொருளை வைத்து அடைக்கிறது. தாங்கும் ரகத்தில் அடைப்பு நிற்கும், தாங்காததில் கரைந்துபோகும். உங்கள் சாம்பல் அந்த அடைப்புக்குக் கைகொடுக்கலாம். நீங்கள் எழுதியது "உடையும்".

சேற்றுழவன்:
சாம்பலிலும் விஷயம் இருக்கு. சூளையில் அதிகச் சூட்டில் வெந்து வெளுத்தது படிகமாகிவிடும், லேசில் கரையாது. மிதமான சூட்டில் எரிந்ததுதான் பயிருக்கு ஏறும்.

உமிச்சாமி:
பார்த்தீர்களா, சேற்றுழவன் என் கட்சி.

சேற்றுழவன்:
யார் கட்சியும் இல்லை. யூரியாவை ஒரே தடவையில் கொட்டிவிட்டு எந்தச் சாம்பல் போட்டாலும் வீண். தழைச்சத்து மிஞ்சினால் சாறு புகையானுக்கு விருந்து. மூணு நாலு தடவையாகப் பிரித்துப் போடணும். 8 அடிக்கு 1 அடி பட்டம், அதாவது நடாத இடைவெளி. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர்.

வெள்ளைப்பொன்னி:
ரகத்தை மறந்துட்டீங்க. பட்டாம்பி பிடிபி 33 புகையானைத் தாங்கும். உங்க பொன்னி பிபிடி 5204 தாங்காது.

மடைத்திறப்பான்:
பிபிடி 5204 பொன்னியே இல்லை. ஆந்திரா பொன்னி என்பது கடைக்காரர் வைத்த பெயர். பெயரையே பொன்னி என்று வைத்துக்கொண்டு இதுகூடத் தெரியாதா?

வெள்ளைப்பொன்னி:
போன மாசம் தண்டுத்துளைப்பான் விவாதத்தில் நான் திருத்தினது இன்னும் ஆறலை போல.

உமிச்சாமி:
ரகம் ரகம் என்கிறீர்களே, ஐஆர் 26 என்ன ஆச்சு? புகையானைத் தாங்கும் ரகமாக 1973இல் வந்தது, ரெண்டு மூணு வருஷத்தில் புகையான் பழகிக்கொண்டது. சிலிக்காவுக்குப் பூச்சி பழகுமா?

மடைத்திறப்பான்:
பழகுமோ பழகாதோ, ஊசி உடைந்ததா? 1986இல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 மருந்தைத் தடை செய்தது, அடித்து அடித்துப் புகையான் பெருகியதால். புகையானைத் தின்னும் சிலந்தி செத்தால் அதற்குக் கொண்டாட்டம். பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தை அடிக்காதே என்பது அதனால்தான். சிம்புக்கு, அதாவது தூரில் கிளைத்த தண்டு ஒன்றுக்கு, ஒரு பூச்சி கண்டால் மருந்து. குத்துக்கு, அதாவது முழுத் தூருக்கு, ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். அடிப்பதானால் தண்ணீரை வடித்துத் தூரடியில் அடி. வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 30 மில்லி, சோப்புக் கரைசலோடு. மேலாக அடித்தால் இலைதான் குளிக்கும்.

உமிச்சாமி:
ஆக மருந்துக்கடைக்கு ஆள் சேர்க்கிறீர்கள்.

மடைத்திறப்பான்:
வேப்பெண்ணெயா மருந்துக்கடை? பேச்சை மாற்றாதீர்கள். உடைந்த ஊசி ஒன்று, ஒரே ஒன்று, படம் போடுங்கள்.

உமிச்சாமி:
உடையாத ஊசியின் படத்தை முதலில் நீங்கள் போடுங்கள்.