தசமபாகம் கொடுக்க இயலாவிட்டால் விசுவாசக் குறைவா?

கேள்வி: வேதாகமத்தில் மல்கியா 3:10 தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கேட்கிறது. கடனில் இருக்கும் ஒருவர் அதைக் கொடுக்க இயலாதபோது, அவருடைய விசுவாசம் குறைவுள்ளது என்று சொல்லலாமா?

பதில் 1: கூடாது. எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காக அப்போஸ்தலர் பவுல் நிதி திரட்டியபோது, கொடிய தரித்திரத்தில் இருந்த மக்கெதோனியா சபையார் தங்கள் திராணிக்கு மிஞ்சியும் கொடுத்ததை 2 கொரிந்தியர் 8 புகழ்கிறது; ஆயினும் அங்கே விகிதம் எதுவும் விதிக்கப்படவில்லை, ஒருவரிடம் உள்ளதற்கு ஏற்பவே கொடை ஏற்கப்படும் என்று 12ஆம் வசனம் தெளிவாக்குகிறது.

பதில் 2: உடன்படுகிறேன்; ஆனால் வசதியுள்ளவர்களே இதைச் சாக்காக்குவதுதான் வருத்தம். செல்வந்த வரி வசூலிப்பாளரான சகேயு தம் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்க முன்வந்தார் (லூக்கா 19:8). செல்வருக்குப் பத்தில் ஒரு பங்கு மிகச் சிறியது.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் முதலில் கடனை அடைப்பது தவறாகாது அல்லவா?

பதில் 1: ஆகாது, அன்பைத் தவிர வேறொன்றிலும் யாருக்கும் கடன்படாதிருங்கள் என்று ரோமர் 13:8 வலியுறுத்துகிறது. அதுவரை காணிக்கை சிறிதாக இருக்கட்டும்.