டேப்பட் கவர் பேக்கிங் (இன்ஜின் மேல்மூடியில் ஆயில் கசியாமல் தடுக்கும் பட்டை) நானே மாற்றலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 2012 மாடல் பெட்ரோல் கார், 4 சிலிண்டர், 94,000 கிமீ ஓடியிருக்கிறது. ஒரு மாதமாக வண்டியை நிறுத்தினால் கருகிய ஆயில் வாடை. ஆயிலும் அரை லிட்டர் குறைந்திருக்கிறது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டினேன். "இன்ஜினை இறக்கணும் சார், 28,000 ஆகும்" என்றார்கள். எந்த இடத்தில் கசிகிறது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. அதுதான் மனதை உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை நானே இன்ஜினைத் துடைத்துக் காயவிட்டு, முகப்பவுடர் தூவி, 20 கிமீ ஓட்டிப் பார்த்தேன். டேப்பட் கவர் ஓரத்தில் மட்டும் பவுடர் நனைந்திருந்தது. அங்கிருந்து வழிந்து சூடான எக்ஸாஸ்ட் மேல் விழுகிறது, வாடை அதனால்தான். கியர்பாக்ஸ் சேரும் இடம் காய்ந்தே இருக்கிறது, அந்தப் பக்கத்து ஆயில் சீல் போகவில்லை என்பது பெரிய நிம்மதி. ஒரு ஸ்பார்க் பிளக் குழியில் மட்டும் கொஞ்சம் ஆயில் நிற்கிறது.

புது பேக்கிங், பிளக் குழி சீல்கள் எல்லாம் சேர்த்து 1,100க்கு வாங்கிவிட்டேன். கேட்க வேண்டியது இவைதான்: செயின் கவர் சேரும் மூலைகளில் மட்டும் சிலிகான் பேஸ்ட் வைத்தால் போதுமா, சுற்றிலும் வைக்கணுமா? போல்ட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இல்லை, வாங்கியே ஆகணுமா? அதிகமாக இறுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடுமோ என்றுதான் பயம். பிசிவி வால்வு (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடுவது) அடைத்திருந்தால் உள்ளே பிரஷர் ஏறிப் புது பேக்கிங்கும் கசியும் என்கிறார்களே, அதையும் இப்போதே மாற்றிவிடட்டுமா?

சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.