மறுமொழி: கலவனா, பிரிவழியா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பரமக்குடிச் சந்தையில் வாங்கிய, உருண்டையான முண்டு மிளகாய் வற்றல் ஒன்றை உடைத்து மாடித் தொட்டியில் விதைத்த அக்கா, நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். முளைத்து நிற்பது என்ன மிளகாய்? போட்டது ஒன்று, வந்தது வேறு என்றால் அந்தச் செடிக்குத் தமிழில் என்ன பெயர்? பத்து நாளாக நாம் இரண்டாவது கேள்வியையே பிடித்துக்கொண்டு நிற்கிறோம். பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே பெயர் தேடுகிறோம். ஆகவே அவர் அனுப்பிய படங்களை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நிமிர்ந்து நிற்கும் காயைக் கண்டதும் மூன்று பேர் "காந்தாரி மிளகாய்" என்று எழுதிவிட்டீர்கள். காயை வைத்து மிளகாயின் இனத்தைச் சொல்லப் போனால் ஏமாற்றம்தான். பூவைப் பார்க்க வேண்டும். அக்காவின் செடியில் கணுவுக்கு ஒரு பூ. இதழ் பால் வெள்ளை. காந்தாரியில் தெரியும் பச்சைச் சாயல் இல்லை. மகரந்தப் பை நீலம் கலந்த ஊதா. இதழின் அடியில் மஞ்சள் புள்ளி இல்லாததால் பக்காட்டம் என்ற மிளகாய் இனத்தை விட்டுவிடலாம். காம்பும் புல்லியும் சேரும் இடத்தில் மோதிரம் போட்டது போன்ற இறுக்கம் இல்லை. கணுவில் கொத்தாகப் பூக்கவும் இல்லை. எனவே நாகா மிளகாயின் உறவான சைனென்சும் விலகுகிறது. விதை கறுப்பாக இல்லை, பூ முழுக்க ஊதாவாகவும் இல்லை, பியூபசென்ஸ் என்ற இனமும் போயிற்று. பயிராகும் ஐந்து இனங்களில் மிஞ்சுவது ஆன்னுவம். முண்டு, சம்பா, குடைமிளகாய் எல்லாம் அந்த வீடுதான். அந்த வீட்டிலும் நிமிர்ந்து காய்ப்பவை உண்டு.

இனம் தெரிந்துவிட்டது. ரகம்? இங்கேதான் அக்கா எழுதிய எண்ணிக்கை எனக்குப் பெரிதாகப்பட்டது. ஒரே வற்றலின் விதையில் 14 செடிகள். அவற்றில் 8 முண்டு போல உருண்டு தொங்குகின்றன. 3 விரல் போல நீண்டு தொங்குகின்றன. 3 உருண்டு, ஆனால் வானத்தைப் பார்த்து நிற்கின்றன.

மிளகாயில் காய் தொங்குவது பெரும்பாலும் ஓங்கு பண்பு, நிமிர்வது ஒடுங்கு பண்பு. ஒடுங்கு பண்பு வெளியே தெரிய வேண்டுமானால் தாய், மகரந்தம் இரண்டு பக்கமிருந்தும் அது வந்திருக்க வேண்டும். அதாவது பரமக்குடி வற்றலைக் காய்த்த தாய்ச்செடி, தான் தொங்கக் காய்த்துக்கொண்டே நிமிரும் குணத்தையும் உள்ளே வைத்திருந்திருக்கிறது. தேனீ செய்த கலப்பு அந்தத் தாய்க்கு முந்திய தலைமுறையிலேயே, எந்த வயலிலோ, முண்டும் வேறொன்றும் பக்கம் பக்கமாகப் பூத்த பருவத்திலோ நடந்துவிட்டது. மாடியில் நடப்பது அதன் பிற்பகுதி: கலந்த குணங்கள் பிள்ளைகளில் பிரிந்து வெளிப்படுகின்றன. ஆகவே அக்காவின் முதல் கேள்விக்கு என் விடை: இதற்கு ரகப் பெயரே இன்னும் கிடையாது. எந்தப் பட்டியலில் தேடினாலும் அகப்படாது. 14 செடியும் 14 ஆள்.

"விரை ஒன்று போட, சுரை ஒன்று முளைக்குமா?" என்று கேட்ட பெரியவர்கள் மிளகாய் விதை எடுத்துப் பார்த்ததில்லை போலும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா "கலவன்" என்கிறார். நல்ல சொல், வயலில் புழங்கும் சொல். விதைப்பண்ணையில் "கலவன் பிடுங்கியாயிற்றா?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் கலவன் என்பது ஒரு ரகத்தின் நடுவே வந்து நின்ற வேற்றாள். களத்தில் கலந்திருக்கலாம், சாக்கில் கலந்திருக்கலாம். பிடுங்குவதற்காகவே அதற்கு அந்தப் பெயர். இங்கே 14 விதையும் ஒரே வற்றலின் வயிற்றில் இருந்து வந்தவை. வெளியில் இருந்து யாரும் வந்து கலக்கவில்லை. தாய்வீட்டுப் பிள்ளைகளைக் கலவன் என்று எப்படிச் சொல்வது?

"தான்தோன்றி" பொருந்தாது. அக்கா விதைத்து, தண்ணீர் ஊற்றி, அசுவினிப் பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளித்து வளர்த்ததைத் தானாய்த் தோன்றியது என்றால் அவருக்குக் கோபம் வரும். "கலப்பினம்" முதல் தலைமுறைக்கே சரி. கடையில் பொட்டலமாக விற்கும் வீரிய விதையோடு அது ஒட்டிக்கொண்டும் விட்டது. "பிறழ்வு" என்றால் மரபணுவிலேயே மாற்றம் நேர்ந்ததாகப் பொருள்படும். "தகப்பன் தெரியாச் செடி" என்று ஒருவர் வேடிக்கையாக எழுதியிருந்தார். மனிதர்கள் பேசும் ஏச்சைச் செடியின் மேல் ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து. ஊர்ப்பக்கம் "சாதி மாறிவிட்டது" என்று சொல்வதையும் அதே காரணத்தால் தள்ளுகிறேன்.

என் பரிந்துரை: பிரிவழி.

"வழி" நமக்குப் பழகிய சொல். கால்வழி, வழித்தோன்றல் என்கிறோம். "பிரி" என்பதற்கும் முன்னோடி இருக்கிறது. மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணிச் சோதனையின் விதியை நம் பாடநூல்கள் "தனித்துப் பிரிதல் விதி" என்றுதான் எழுதுகின்றன. ஆனால் எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்குக் காரணம் இலக்கணம். பிரிவழி வினைத்தொகை. பிரிந்த வழி, பிரிகின்ற வழி, பிரியும் வழி, மூன்று காலமும் அதற்குள் அடங்கும். இந்தச் செடியின் நிலையும் அதுதானே? முன்பே பிரிந்தது, இப்போது பிரிந்து நிற்கிறது, இதன் விதையைப் போட்டால் இன்னும் பிரியும். "பிரிந்த வழி" என்று பெயரெச்சமாக எழுதினால் கதை முடிந்துவிட்டதாகிவிடும்.

எதிர்ச்சொல்லும் கூடவே கிடைக்கிறது: நிலைவழி. தாயைப் போலவே பிள்ளை வரும் விதை. பூ விரியும் முன் மொட்டுக்கு மெல்லிய துணிப்பை கட்டித் தன் மகரந்தத்திலேயே காய்க்கவிட்டால், கலப்பாய் நிற்கும் குணம் தலைமுறைக்குப் பாதியாகக் குறையும். முதல் சுற்றில் 50 விழுக்காடு, அடுத்து 25, ஆறாவது சுற்றில் ஏறக்குறைய ஒன்றரை. பிரிவழியை நிலைவழியாக்குவது என்று இதைச் சொல்லலாம். ஒரு கலைச்சொல் குட்டி போட வேண்டும். போடாவிட்டால் அகராதியில் கிடந்து தூசி படியும்.

பெயர் துல்லியமாக இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று. ஆன்னுவம் என்றால் ஓராண்டுப் பயிர் என்று பொருள். பனி கொல்லாத ஊரில் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். 1776-இல் தாவரவியலாளர் ஜாக்குவின் சைனென்ஸ் என்று பெயர் வைத்த மிளகாய்க்கும் சீனாவுக்கும் சம்பந்தம் கிடையாது, அது அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. நாமும் மிளகுக்கு உறவே இல்லாத ஒன்றை மிளகாய் என்றுதான் அழைக்கிறோம். கிழக்கிலங்கையில் அதுவே கொச்சிக்காய். பிரிவழி அந்த அளவுக்குப் பொய் சொல்லவில்லை.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

*

வணக்கம்.

நல்ல விளக்கம். கலவன் என்று சொன்னவன் என்ற முறையில் ஒரே ஒரு திருத்தம். விதைப்பண்ணையில் கலவனைப் பிடுங்கும்போது அது சாக்கில் கலந்ததா, போன பருவத்துத் தேனீயால் வந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. மாறுபட்டு நின்றால் கலவன்தான். ஆகவே "வேற்றாள்" என்று நீங்கள் கொடுத்த பொருள் குறுகியது. வயலில் கலவனே இருக்கட்டும். வீட்டில் விதை எடுப்பவர்களுக்குப் பிரிவழி என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. நான் இதுவரை பிடுங்கி எறிந்தவற்றில் எத்தனை பிரிவழிகளோ!

*

ஐயா இருவருக்கும் நன்றி.

காந்தாரி இல்லை என்பதில் கொஞ்சம் வருத்தம்தான், மாமியாரிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். நிமிர்ந்த மூன்றில் காரம் அதிகமாக இருந்த ஒன்றுக்கு, டீ வடிகட்டும் துணியில் பை தைத்து நேற்று ஐந்து மொட்டுக்குக் கட்டிவிட்டேன். கட்டிய காம்பில் சிவப்பு நூலும் சுற்றியிருக்கிறேன். தொட்டியில் குத்திய அட்டையில் இப்படி எழுதியிருக்கிறேன், சரிதானா பாருங்கள்:

"பரமக்குடி முண்டு, பிரிவழி, நிமிர்காய், செடி 9, முதல் சுற்று."