மூன்று பேருக்கு மூன்று விதமான பயம்: தமிழில் பேசும் ஆலோசகர் யாராவது தெரியுமா?

வணக்கம். மலேசியாவில், ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம்.

அம்மா முப்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தம்பி இரவு ஷிப்ட் முடிந்து வர பத்து நிமிடம் பிந்தினால் போதும், 'லோரி மோதியிருந்தால்?' என்று ஆரம்பித்து, அவன் மோட்டார் சத்தம் கேட்கும்வரை வாசலிலேயே நிற்பார். மகள் ஐந்தாம் படிவம். வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். பேசினால் எல்லோரும் சிரிப்பார்கள் என்ற நினைப்பு. எனக்கு நெஞ்சு படபடத்தால் உடனே 'மாரடைப்புதான்' என்று தோன்றும். அப்படி நினைத்ததுமே படபடப்பு இன்னும் ஏறும். இசிஜி இரண்டு முறை எடுத்தாயிற்று, இதயத்தில் ஒன்றுமில்லை. (கோப்பியையும் குறைத்துப் பார்த்துவிட்டேன்.)

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய பேச்சு சிகிச்சை முறை (சிபிடி என்பார்கள்), இப்படி மனதில் ஓடும் நினைப்பைப் பிடித்து, அது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. எங்களுக்கு அதுதான் சரிவரும் என்று படுகிறது.

சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி எண் 15555 தெரியும். ஆனால் அம்மாவுக்கு மனதில் உள்ளதை மலாயில் சொல்ல வராது. ஈப்போ பக்கம் தமிழில் இதைச் செய்பவர் உண்டா? எவ்வளவு செலவாகும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள், உள்பெட்டியில் என்றாலும் சரி.